பாலைப் பல்லிக்கு ஒரு படையல்

1

‘சரிவிகித உணவு’ என்பது பள்ளிப் பாடநூல்கள் நமக்குத் தந்த சொல். ஒரு தட்டைப் படமாக வரைந்து, சோறு ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு, கீரை, காய், பழம் என்று அதற்குள் கோடு கிழித்துக் காட்டியிருப்பார்கள். மனிதக் குழந்தைக்கு அந்தப் படம் ஓரளவு போதும். குழந்தை வெயிலில் விளையாடப் போகும்; அதன் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும்; பிடிக்காததைத் துப்பிவிட்டு ஊரைக் கூட்டும். அந்தத் தட்டை அப்படியே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்து, பாலைநிலத்துப் பல்லியொன்றை அதன் முன்னால் அமர்த்திவிட்டு, ‘சரிவிகித உணவு கொடுத்து வளர்க்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வழக்கம் நம் நகரங்களிலும் பரவி வருகிறது. அந்த வழக்கத்துக்கு எதிராகவே இக்கட்டுரை.

என் வாதம் எளியது. பாலைப் பல்லிக்கு வேண்டிய விகிதத்தில் பாதிகூடத் தட்டில் இல்லை. மீதி ஒளியிலும் சூட்டிலும் பருவத்திலும் பசித்துக் கிடக்கும் நாட்களிலும் இருக்கிறது. இவற்றைத் தர இயலாதவர் எத்தனை வகைக் கீரையை நறுக்கிப் போட்டாலும், எத்தனை பூச்சியை விலைக்கு வாங்கிக் கொட்டினாலும், அந்த உயிரைப் பட்டினிதான் போடுகிறார். வயிறு நிறைந்த பட்டினி என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. சாவும் சற்றுத் தாமதித்தே வருகிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் பல்லியின் உணவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாலை என்ற சொல்லை ஈராயிரம் ஆண்டுகளாகக் கையாண்டுவரும் மொழி நம்முடையது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவையும் விலங்கையும் மரத்தையும் புள்ளையும் கருப்பொருள் என்று அதன்பின் வைத்தார். வெறும் பட்டியல் வரிசை என்று இதைக் கடந்துவிடலாகாது. உணவு தனியே வானத்திலிருந்து விழுவதில்லை, நிலமும் பொழுதும் கூடி ஈன்றதே உணவு என்ற புரிதல் இவ்வரிசைக்குள் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன். பாலைக்கு அவர் ஒதுக்கிய பொழுது வேனிலும் நண்பகலும். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்த வடிவமே பாலை என்றார். ஆக, நம் மரபில் பாலையைப் பாலையாக்குவது மணல் அல்ல, வெயில்.

செல்லப்பிராணிக் கடை இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. அது மணலை மூட்டை கட்டி விற்கிறது. வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை. முதற்பொருளைக் கழித்துவிட்டுக் கருப்பொருளை மட்டும் கிண்ணத்தில் வைக்கும் இந்த வணிகத்தில், விற்ற மணலும் சும்மா இருப்பதில்லை. உணவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்க் குடலை அடைக்கவும் செய்கிறது.

2

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் ‘லிசார்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்படும் உயிர்களை நம் மொழி அப்படி அடைப்பதில்லை. சுவரில் ஒட்டியிருப்பது பல்லி, வேலியில் தலையாட்டுவது ஓணான், புதரடியில் பளபளத்து ஓடுவது அரணை, புற்றைத் தோண்டுவது உடும்பு. நான்குக்கும் நான்கு பெயர், நான்கு இயல்பு, நான்கு விதமான இரை. இவையனைத்துக்கும் பொதுவாக ஒரு சொல்லைப் பழந்தமிழர் தேடவில்லை, தேவைப்படவும் இல்லை. (இக்கட்டுரையில் நான் ‘பாலைப் பல்லி’ என்று பொதுப்படச் சொல்வது வசதிக்காக மட்டுமே.) ‘லிசார்டுக்கு என்ன கொடுக்கலாம்?’ என்ற கேள்வியே பிழையானது. எந்த உயிருக்கு என்று முதலில் சொல்லவேண்டும்.

இன்று கண்ணாடிப் பெட்டிகளில் மிகுதியாக வாழும் பாலை உயிர்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆஸ்திரேலிய உள்நாட்டு வறள்நிலங்களைச் சேர்ந்த ‘பியர்டட் டிராகன்’. தாடி ஓணான் என்று இதை அழைப்பதில் தவறில்லை. நம் வேலியோணான் சேர்ந்த அதே அகமிடே குடும்பம்தான் இதுவும். இளமையில் பெரும்பாலும் பூச்சி தின்னும்; வளர வளர இலையும் பூவும் மிகும். இரண்டாவது, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளின் கல்லும் முள்ளுமான வறள்நிலத்தைச் சேர்ந்த சிறுத்தைப் பல்லி. இது முழுக்க இரையுண்ணி, இலையைத் தொடாது, கொழுப்பை வாலில் சேமித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, சகாராவிலிருந்து அரேபியா வரை பரவியுள்ள யூரோமாஸ்டிக்ஸ் என்னும் முள்வால் ஓணான். நம் தார் பாலையிலும் கட்ச்சிலும் உள்ள ‘சாண்டா’ இதன் நெருங்கிய உறவு. பாலைப் புதர்களின் இலை, பூ, விதை ஆகியவையே வளர்ந்த சாண்டாவின் முதன்மை உணவு. நாரைப் பின்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துத் தர, அதைக்கொண்டு வாழும் உடம்பு அது. தண்ணீரையும் பெரும்பாலும் இலையிலிருந்தே பெறும். மிகுதியான உப்பை மூக்கிலுள்ள சுரப்பி வழியே வெள்ளைப் பொடியாக வெளியேற்றிவிடும்.

இம்மூன்றின் முன்னாலும் ஒரே கிண்ணத்தை வைத்தால் என்ன ஆகும்? சிறுத்தைப் பல்லி கீரையின் முன் பட்டினி கிடக்கும். முள்வால் ஓணானுக்கு ஓயாமல் பூச்சியும் பூனை உணவும் கொடுத்தால், மிகுபுரதத்தைக் கழிக்கச் சிறுநீரகம் திணறி, யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உறுப்புகளிலும் படியும். தாடி ஓணான் இரண்டையும் தின்று கொழுக்கும். மூன்று வீட்டுக்காரர்களும் தாங்கள் ‘சரிவிகித’ உணவே கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இது கற்பனை அச்சமன்று. ஒரு பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலும் அதைச் சூழ்ந்த வறள்நிலங்களிலும் வாழும் கொம்புப் பல்லி, தட்டையான உடம்பும் தலையில் முட்களும் கொண்டது. அச்சுறுத்தினால் கண்ணோரத்திலிருந்து இரத்தத்தைப் பீச்சும். இந்த விசித்திரத்துக்காகவே கடந்த நூற்றாண்டில் அதைப் பெருமளவில் பிடித்துப் பொம்மைபோல விற்றார்கள். அதன் உணவில் பெரும்பகுதி எறும்பு, குறிப்பாக விதை சேர்க்கும் அறுவடை எறும்பு. எறும்பில் செரிக்காத ஓடு அதிகம், சத்து குறைவு. ஆகையால் ஏராளமாகத் தின்றாகவேண்டும். அதற்கென்றே பெரிய இரைப்பை. அந்த இரைப்பைக்கு இடம் தரவே அகன்ற உடல். வாங்கிச் சென்றவர்கள் கைக்குக் கிடைத்த புழுவையும் பூச்சியையும் போட்டார்கள். சில தின்றன, சில தின்னவில்லை. ஏறத்தாழ எல்லாமே செத்தன. 1967இல் டெக்சஸ் மாநிலம் அதைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் எதிராகச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. பின்னர், 1993இல் அதையே மாநிலத்தின் அடையாள ஊர்வனவாக அறிவித்தார்கள். இன்று ஃபோர்ட் வொர்த் போன்ற விலங்குக்காட்சிச்சாலைகள் அதைப் பெரும்பாடுபட்டு இனப்பெருக்கம் செய்து திரும்பக் காட்டில் விடுகின்றன. வாழிட அழிவும், பூச்சிமருந்தும், வந்தேறிய நெருப்பெறும்பும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள்தாம். ஆனால் பெட்டியில் இறந்தவற்றின் கணக்கு வளர்ப்பவர் கணக்கு. அன்பில்லாமல் அவை சாகவில்லை. எறும்பில்லாமல் செத்தன.

3

இனி ‘விகிதம்’ என்ற சொல்லுக்கு வருவோம். சரிவிகிதம் பேசுகிறவர்கள் எந்த இரண்டுக்கு இடையிலான விகிதம் என்று சொல்வதில்லை. ஊர்வன மருத்துவத்தில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு. உணவிலுள்ள கால்சியம் பாஸ்பரஸைப்போல ஏறத்தாழ 2 மடங்கு இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் இரைப்பூச்சிகளான சிள்வண்டிலும் மாவுப்புழுவிலும் இது தலைகீழ். பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். (கருப்புப் படைவீரன் ஈயின் புழு போன்ற விதிவிலக்குகள் மிகச் சில.) ஆக, ‘தினமும் இருபது பூச்சி கொடுக்கிறேன்’ என்பவர் தினமும் இருபது முறை விகிதத்தைக் கெடுக்கிறார். பூச்சியின் மேல் கால்சியப் பொடியைத் தூவுவதும், பல்லிக்குப் போடுமுன் ஒன்றிரண்டு நாள் அந்தப் பூச்சிக்கே நல்ல இலையும் கால்சியமும் ஊட்டுவதும் இதற்காகத்தான். பல்லி உண்பது பூச்சியை மட்டுமல்ல, பூச்சி உண்டதையும் சேர்த்து. பட்டினி கிடந்த பூச்சி வெறும் கூடு.

கீரையிலும் இதே கதை. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்பது நம் சமையலறை நம்பிக்கை. பாலக்கீரையில் கால்சியம் உண்டு. கூடவே ஆக்சாலிக் அமிலமும் மிகுதியாக உண்டு. அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டி உடலில் சேரவிடாமல் செய்துவிடும். முட்டைக்கோஸ் வகைகளை நாள்தோறும் கொடுத்தால் தைராய்டு சுரப்பியின் வேலைக்கு இடையூறு. வெள்ளரியும் வெளிறிய லெட்யூஸும் ஏறத்தாழத் தண்ணீர். மனிதன் தன் நாவுக்காகப் பல நூற்றாண்டுகள் இனிப்பேற்றி எடுத்த பழங்கள், பாலைவனத்துக் குடலுக்கு அயலானவை. தோட்டத்தில் பிடித்த பூச்சி ‘இயற்கையானது’ என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்க மின்மினி ஒன்றிரண்டைத் தின்றே தாடி ஓணான்கள் மடிந்திருக்கின்றன. 1999இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. மின்மினியின் உடலிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்குவது. ஆஸ்திரேலியாவில் அதனோடு பழகாத ஓணானுக்கு அதைத் தவிர்க்கத் தெரியவில்லை. ‘தனக்கு எது நல்லது என்று விலங்குக்குத் தெரியும்’ என்ற பழமொழிபோன்ற வாக்கியம், விலங்கு தன் ஊரில் இருக்கும்வரைதான் செல்லும்.

சரி, விகிதத்தைத் திருத்திவிட்டோம், பொடியும் தூவிவிட்டோம். இத்துடன் முடிந்ததா? இல்லை. இங்கேதான் தட்டு தோற்கிறது. குடலுக்குள் போன கால்சியம் இரத்தத்தில் ஏற வைட்டமின் டி3 வேண்டும். பகலில் வெயில் காயும் இவ்வகை ஓணான்கள் அதைத் தோலில் செய்துகொள்கின்றன. 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா ஒளி தோலில் படவேண்டும். அங்கே உருவாகும் முன்பொருள் உடற்சூட்டில் டி3 ஆக மாறவேண்டும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஒளி, சூடு இரண்டில் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்த ஒளியை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுகிறது. ‘சன்னலோரம் வைத்திருக்கிறேன், நல்ல வெளிச்சம்’ என்பவரின் பல்லி, தன் உடம்புக்கு வேண்டிய வெயிலைப் பொறுத்தவரை இருட்டறையில் இருக்கிறது. அதற்கென்று விற்கும் புறஊதா விளக்கும், கண்ணுக்கு எரிந்துகொண்டே இருந்தாலும், மாதங்கள் செல்லச் செல்ல வேண்டிய கதிரைத் தருவது குறைந்துகொண்டே போகும். மாற்றியாகவேண்டும். டி3ஐ வாய்வழி கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். தாடி ஓணான் குஞ்சுகளைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. வாய்வழி டி3 உண்டவற்றைவிட, ஒளிபட்ட குஞ்சுகளின் இரத்தத்தில் டி3 சார்ந்த பொருள் பல மடங்கு அதிகமாக இருந்தது என்பது அதன் முடிவு. வாய்வழி மிகையாகக் கொடுத்தாலோ அதுவே நஞ்சாகும்.

இந்தச் சங்கிலி அறுந்தால் நடப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் இயங்காது. ஆகவே உடம்பு தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. கீழ்த்தாடை ரப்பர்போல் வளைகிறது. கால்கள் வீங்குகின்றன, பார்ப்பவர் ‘நன்றாகத் தேறிவிட்டது’ என்கிறார். விரல்கள் நடுங்குகின்றன. முதுகெலும்பு கோணுகிறது. தூக்கும்போது தொடையெலும்பு முறிகிறது. தாடை மென்மையானபின் அதனால் இரையைக் கடிக்க முடிவதில்லை. ‘சாப்பிட மறுக்கிறது’ என்று அப்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

இது புதிய நோயுமல்ல. தொழிற்புரட்சிக்காலத்து ஐரோப்பாவில் புகை சூழ்ந்த சந்துகளில் வளர்ந்த ஏழைக் குழந்தைகளின் கால்களை வளைத்த ரிக்கெட்ஸின் உடன்பிறப்பு. 1919இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புறஊதா விளக்கொளியிலேயே அந்நோய் குணமாவதை நிறுவினார். நூறாண்டுக்கும் மேலாக மனிதகுலம் அறிந்த ஒன்றை, ஒரு விளக்கின் விலையை மிச்சம்பிடிப்பதற்காக மறந்துபோவதை அறியாமை என்று நான் அழைக்கத் தயாராக இல்லை.

4

இனி அன்பு. இதுதான் இன்னும் கடினமான எதிரி.

நமக்கு ஊட்டுதலே அன்பின் மொழி. விருந்தினர் ‘போதும்’ என்று கையை விரித்தபின்னும் இலையில் ஒரு கரண்டி வைப்பவர்கள் நாம். பால்குடிக்கும் நம் இனத்துக்கு அது பொருந்தும். வெயிலிலிருந்து சூட்டைக் கடன்வாங்கி வாழும் உடம்புக்கு அந்தக் கணக்கு வேறு. ஒரே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால், ஓய்விலிருக்கும் பல்லி செலவிடும் ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எலிக்கு ஒருநாள் உணவு, அதே எடைப் பல்லிக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். பாலை அதை அப்படித்தான் வடித்திருக்கிறது: கிடைக்கும்போது உண், கிடைக்காதபோது அசையாதிரு.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், காட்டில் பிடித்த 14 தாடி ஓணான்களின் இரைப்பையைக் கழுவி உள்ளே இருந்ததைப் பார்த்தார்கள். மற்ற பூச்சிகளும் கொஞ்சம் இலையும் இருந்தபோதிலும் உணவில் பெரும்பங்கு ஈசல். ஈசலை அறியாத தமிழ் வாசகர் இருக்கமுடியாது. மழையை ஒட்டி ஒரு மாலையில் புற்றுகள் திறந்துகொள்கின்றன, வானம் நிறைகிறது, மறுநாள் காலை இறகுகள் மட்டும் கிடக்கின்றன. கொழுப்பு நிறைந்த அந்த விருந்தை ஓணான் வயிறுமுட்டத் தின்கிறது. பின்பு நீண்ட வறட்சி. அந்த ஒருநாள் விருந்தை எடுத்துக்கொண்டு, அதன்பின் வரும் வறட்சியை விட்டுவிடுவதுதான் பெட்டி வளர்ப்பு. நாள்தோறும் ஈசல் மாலை. கொழுத்த புழுக்கள் எப்போதும் கிண்ணத்தில். விளைவு, கொழுப்பேறிய கல்லீரல். வால் உடம்பைவிடப் பருத்த சிறுத்தைப் பல்லியின் படத்தைப் பெருமையோடு காட்டுகிறவர்கள் காட்டுவது ஒரு நோயாளியை.

பருவமும் உணவே. குளிர்காலத்தில் நம் தார் பாலையின் சாண்டா வளைக்குள் முடங்கிவிடுகிறது, உண்பதில்லை. தாடி ஓணானும் ஆண்டில் சில வாரங்கள் உணவைக் குறைத்து உறங்கப் பார்க்கும். நலமான வளர்ந்த விலங்கு இப்படி ஒதுங்கினால் அது நோயன்று. உண்மையான நோயா என்று மருத்துவரைக்கொண்டு உறுதிசெய்துகொள்வது கடமை. ஆனால் வாயைப் பிளந்து ஊட்டுவது வன்முறை. போதிய சூடில்லாத உடம்புக்குள் திணித்த உணவு செரிக்காது, அழுகும். தாடி ஓணானுக்கு வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடவேண்டும்; பெட்டியின் மறுமுனை குளிர்ந்திருக்கவேண்டும்; இரண்டுக்கும் நடுவே தன் சூட்டைத் தானே தேர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். அந்தக் கல் இல்லாத பெட்டியில் எந்த உணவும் உணவாகாது.

5

மறுப்புகள் சிலவற்றை எதிர்பார்க்கிறேன்.

‘எங்கள் வீடு சைவம், பூச்சியைக் கொன்று பல்லிக்குப் போட மனம் வரவில்லை, கீரையும் பழமும் பழக்கிவிட்டோம்’ என்பது முதல் மறுப்பு. அந்த மனத்தை மதிக்கிறேன். அப்படிப்பட்ட மனம் உடையவர் முள்வால் ஓணானைப் பற்றியாவது வாதிடலாம். சிறுத்தைப் பல்லியை வாங்கியிருக்கவே கூடாது. ஜீவகாருண்யம் என்பது ஓர் உயிரின் இயல்பைத் தன் நோன்புக்குள் அடைப்பதாகாது. பூச்சியின் மேல் இரக்கம் கொண்டு பல்லியைப் பட்டினி போடுகிறவர் தன் கையில் கறைபடாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவே. கொலைக்கு அஞ்சினால் கூண்டுக்கும் அஞ்சவேண்டும்.

‘முழுமையான உணவு என்று அச்சிட்ட பொட்டலமே கிடைக்கிறதே’ என்பது இரண்டாவது. நாய்க்கும் பூனைக்கும் எந்தச் சத்து எவ்வளவு தேவை என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழுமம் 2006இல் ஒரு பெரும் தொகுப்பை வெளியிட்டது. பல பத்தாண்டுக்கால ஊட்ட ஆய்வுகளின் பலன் அது. பாலைப் பல்லிகளுக்கு அத்தகைய முழுமையான அளவுகோல் இல்லை. காட்டில் என்ன தின்கிறது என்பதே பல இனங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அளவே தெரியாத ஒன்றை ‘முழுமை’ என்று அச்சிட்டு விற்பதற்கு மை மட்டும் போதும். பொட்டலம் ஒரு துணையாக இருக்கலாம். அதுவே உணவாக இருக்க முடியாது. உலர்ந்த உருண்டையை மட்டும் உண்ணும் ஓணான், இலையிலிருந்து பெறும் நீரையும் இழந்துவிடுகிறது என்பதை ஏன் எவரும் அச்சிடுவதில்லை?

மூன்றாவது சற்று வலுவானது. ‘இவை காட்டில் பிடித்தவை அல்ல. ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. சந்தையிலுள்ள தாடி ஓணான்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் பிறந்தவை, பெட்டிக்குப் பழகிவிட்டன.’ பெட்டியில் பிறந்தவை என்பது உண்மை. பழகிவிட்டன என்பது விருப்பம். இத்தலைமுறைகளில் வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்தது நிறத்தையும் தோற்றத்தையும். செதிலே இல்லாத, பட்டுப்போன்ற தோலுடைய வகையொன்றைக்கூட உருவாக்கிவிட்டார்கள். தேய்ந்தால் கிழியும், நீர் இழக்கும் தோல் அது. எலும்பு கட்டும் வேதியியலை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; சில பத்தாண்டுகளில் அது மாறவும் மாறாது. சிறையில் பிறந்த குழந்தைக்கும் கால்சியம் வேண்டும்.

‘அப்படியானால் எவருமே வளர்க்கக்கூடாதா?’ என்பது கடைசிக் கேள்வி. வளர்க்கிறவர்களில் நன்கு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்றது ஏராளம். ஆனால் அவர்கள் ஒருவர்கூட ‘எளிது’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

6

ஆகவே நான் வேண்டுவது இவை.

விற்பவர், விலங்கின் பெயரை இனப்பெயரோடு சொல்லவேண்டும். அது எதை உண்பது என்று எழுத்தில் தரவேண்டும். புறஊதா விளக்கும் வெப்ப விளக்கும் வெப்பமானியும் இல்லாமல் பகலில் வெயில் காயும் எந்த ஓணானையும் விற்கக்கூடாது. விளக்கு இல்லாத பெட்டியோடு விற்கப்படும் தாடி ஓணான், நோயோடு சேர்த்து விற்கப்படுகிறது. சட்டத்தையும் மறைக்கக்கூடாது. சாண்டா நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. எண்ணெய்க்காக அதைப் பிடித்து வதைக்கும் கொடுமையே இன்னும் ஓயவில்லை. வளர்க்கவென்று இன்னொரு சந்தை அதற்கு வேண்டாம். யூரோமாஸ்டிக்ஸ் இனங்கள் சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை. அத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தாகவேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

வாங்க நினைப்பவர், விலங்கின் விலையை விசாரிக்கும் முன் மூன்றைக் கணக்கிடவேண்டும்: ஆண்டுதோறும் மாற்றவேண்டிய விளக்கின் செலவு, இரைப்பூச்சிகளுக்கே இரை போட்டு வளர்க்கும் உழைப்பு, ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவர் தம் ஊரில் இருக்கிறாரா என்பது. தாடி ஓணான் நன்கு பேணப்பட்டால் பத்தாண்டு வாழக்கூடியது. சிறுத்தைப் பல்லி இன்னும் கூடுதலாக. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதிருப்பதே அவர் கொடுக்கக்கூடிய சிறந்த உணவு.

ஏற்கெனவே வளர்ப்பவர், இன்றைக்கே விளக்கின் வயதைப் பார்க்கட்டும். பெட்டியின் சூடான முனையை வெப்பமானியால் அளக்கட்டும். ஓணான் சாதுவாக இருக்கும் வேளையில் அதன் தாடையை மெல்லத் தொட்டுப் பார்க்கட்டும், உறுதியாக இருக்கவேண்டும். கிண்ணத்தை நிரப்புவது அதற்கப்புறம்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எனக்குப் பிடித்த பத்து உணவுகள்’ என்று பல்லியின் குரலில் எழுதப்படும் வேடிக்கைக் குறிப்புகளை நிறுத்துங்கள். நாய் ஊளையிடும், பூனை முனகும். எலும்பு கரையும் பல்லி குரல் எழுப்பாது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும். அதைப் ‘பரம சாது’ என்று எழுதிவிடுகிறோம். சங்கப் பாடல்களில் பாலைவழி போகிறவர்கள் பல்லியின் ஒலிக்குக் காது கொடுத்தார்கள். அது நல்லது சொல்கிறதா, கெட்டது சொல்கிறதா என்று நின்று கேட்டார்கள். நம் பெட்டிக்குள் இருப்பது ஒலி எழுப்பாத பல்லி. அது சொல்வதைக் கேட்கக் காது போதாது. வெப்பமானியும் விளக்கும் வேண்டும். அவற்றை வாங்க மனமில்லாதவர் பல்லியையும் வாங்கவேண்டாம்.